கதவில் தொங்காத குச்சி

உங்கள் மேலாளர் போன வாரம் கூப்பிட்டு, "அம்மா, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்றார். கூடவே நீங்கள் இப்போது பயன்படுத்தும், கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கையேட்டையும் அனுப்பியிருந்தார். நல்லதாக நாலு வார்த்தை எழுதி, ஆசீர்வாதம் பண்ணி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கையேட்டைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஒரு மின்சுற்றுக் கார்டுக்குள் அதை ஓட்டும் புரோகிராமை, அதாவது ஃபர்ம்வேரை, ஏற்றுவதற்கு உங்களிடம் பதினொரு ஃபங்ஷன்கள், நிரல் துண்டுகள், இருக்கின்றன. விரல் விட்டு எண்ணினேன். ஒன்று ஏற்றும். ஒன்று காத்திருந்து ஏற்றும். ஒன்று காத்திருக்காமல் ஏற்றும். ஒன்று கிடைக்காவிட்டால் புலம்பாமல் ஏற்றும். ஒவ்வொரு முறை ஒருவருக்கு ஒரு புதுத் தேவை வந்தபோதும், பழைய ஃபங்ஷனைத் தொடப் பயந்து பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டியிருக்கிறீர்கள். நம் ஊர்களில் அண்ணன் தம்பி சண்டை போட்டு ஒரே வீட்டுக்கு நாலு வாசல் வைப்பார்கள், அந்த லட்சணம். இது போதாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "கோப்பு கிடைக்காவிட்டால் முன்பு பயன்பட்ட ஃபர்ம்வேர் ஏற்றப்படும், அழைத்தவருக்கு வெற்றி என்று தெரிவிக்கப்படும்." இதை எழுதிய மகராசன் யாரோ, பெருமையாக ஒரு கட்டமும் போட்டிருக்கிறார்.

அந்த வரியை நாற்பது வருடங்களுக்கு முன்னால் நானும் எழுதினேன். அதனால்தான் இந்தக் கோபம். அந்த வரியால் ஒரு மனிதனின் வேலையும் வீடும் சேர்ந்து போகப் பார்த்தது.

எண்பதுகளின் பிற்பாதி. போடியில் ஏலக்காய் மண்டிகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். முதலாளி சென்னையில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்; வாயைத் திறந்தால் 'தானியங்கி' என்பார். மேலே மலையில் ஏலக்காய் காய வைக்கும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பேர். சுவருக்கு வெளியே அடுப்பு. உள்ளே தரையோரமாக ஓடும் இரும்புப் புகைக்குழாய். அதற்கு மேல் அடுக்கடுக்காக வலைத்தட்டுகளில் பச்சைக் காய். ஒரு பகலும் ஒரு இரவும் அளவான சூட்டில் காய்ந்தால் காய் பச்சையாகவே உலரும். சூடு ஏறிவிட்டால் காய் வெடித்து, பழுப்பாகி, குப்பைக்குச் சமம். இந்தச் சூட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஒரு கார்டு செய்தோம். பச்சை விளக்கு எரிந்தால் விறகு போடு, சிவப்பு எரிந்தால் நிறுத்து. அவ்வளவுதான் அதன் ஞானம்.

அந்த ஞானத்தைக் கார்டிலேயே நிரந்தரமாகப் பதித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிப்பைக் கழற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கி, போடியில் அழித்து எழுதி, மறுபடி ஏற வேண்டும். அதனால் ஸ்டோரை ஒட்டியிருந்த எஸ்டேட் ஆபீசில் ஒரு கணினியை வைத்தோம். கரண்ட் வந்ததும் கார்டு வெறும் பலகையாக நிற்கும். கணினியில் இருக்கும் டிரைவர் அதற்குரிய புரோகிராமைத் தேடி எடுத்து ஒயர் வழியாக ஊட்டும். அந்தத் தேடி எடுக்கும் வேலையை எழுதியவள் நான். சிலமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் படித்து, இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

என் முதல் ஃபங்ஷன் ஒழுங்காகத்தான் இருந்தது. பேரைச் சொன்னால் கோப்பைக் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். மலையில் கரண்ட் நாளைக்கு ஏழு தடவை போகும். ஒரு தடவை கோப்பு கிடைக்காமல் கார்டு சும்மா நின்றுவிட்டது. முதலாளி குதித்தார். "எந்த நேரத்திலும் கார்டு சும்மா நிற்கக் கூடாது. புதுசு கிடைக்கலேன்னா பழசைப் போடு. வாடிக்கையாளர் கண்ணுக்கு 'இல்லை'ங்கிற வார்த்தையே தெரியக் கூடாது" என்றார். நான் யோசித்தேனா? இல்லை. அரை நாளில் எழுதி முடித்து, பழசை ஏற்றினாலும் புதுசை ஏற்றினாலும் திரையில் 'சரி' என்று வருமாறு செய்து, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். எதைப் பற்றிச் 'சரி' என்று அந்தத் திரைக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது.

அந்த ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர் பேர் பரமன். அவரும் சிலமலைப் பக்கம்தான். எழுதப் படிக்கத் தெரியாது. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில், ஒரு அறை வீடு, மனைவி காய் எடுக்கப் போவாள், மூன்று பிள்ளைகள். வேலை இருக்கும் வரைதான் லயம். வேலை போனால் அடுத்த ஜீப்பில் சட்டி பானையோடு இறங்க வேண்டியதுதான், அது அங்கே எழுதாத சட்டம்.

நான் முதன்முதலில் கார்டைப் பொருத்தப் போனபோது, சுவரில் ஒரு பழைய தெர்மாமீட்டர் தொங்கியது. பரமன் விளக்கைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. "அண்ணே, இனி இது எதுக்கு?" என்று நானே கழற்றி மூலையில் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே, படித்தவள் ஒருத்தி ஒரு பொருளைக் குப்பை என்று சொல்லும்போது படிக்காதவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது பருவத்தில் புது கார்டு கொண்டுபோனேன். சூட்டை உணரும் பாகம் புதுசு, அதற்கான புரோகிராமும் புதுசு. அதை பிளாப்பி வட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு மழையில் ஜீப் ஏறினேன். போடிமெட்டு மூடுபனி பிளாப்பிக்கு எமன். உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். என் பிளாப்பியில் பிடித்திருந்தது. நகல் எடுத்தபோது கணினி ஏதோ முனகியது. கீழே இறங்கும் கடைசி ஜீப் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கார்டை ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது. திரையில் 'சரி'. அடுப்பு பற்ற வைக்காத குளிர்ந்த அறையில் காட்டிய சூடும் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. கையைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

புதுப் புரோகிராம் கணினியில் இறங்கவே இல்லை. என் ஃபங்ஷன் பழசை எடுத்து ஊட்டிவிட்டு, வாய் கூசாமல் 'சரி' என்றது. 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்று நான் காட்டிய கருணையே என் சோதனையை ஏமாற்றியது.

மூன்றாம் நாள் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. லோடு கருகிவிட்டது. போய்ப் பார்த்தால், மேல் தட்டுகளில் காய் பச்சையாக இருக்கிறது. குழாயை ஒட்டிய கீழ்த் தட்டுகளில் வெடித்துப் பழுப்பாகிக் கிடக்கிறது. ஏறக்குறையப் பாதி லோடு. எஸ்டேட் மேனேஜர் கோட்டயத்துக்காரர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இந்த ஆள் சொன்ன பேச்சு கேட்கலை. பச்சை விளக்கு எரியும்போதே தீயை அணைச்சிட்டான்" என்றார்.

பரமன் வாசலில் நின்று சொன்னார்: "அய்யா, விளக்கு வெறகு போடுங்குது. ஆனா குழாப் பக்கம் போனா மொகத்துல அடிக்குது. காயக் கையில எடுத்தா வெடிக்கிற பதம். ஒங்ககிட்ட வந்து சொன்னேன். மெஷின் பாத்துக்கிரும், நீ போடுன்னீக. ரெண்டு மணி நேரம் போட்டேன். அதுக்கு மேல மனசு கேக்கல. தீயை இழுத்துப் போட்டு மேல் சன்னல பூராந் தொறந்து விட்டேன்."

"கேட்டீங்களா? பாதியில் தீயை அணைச்சா லோடு கெடாமல் என்ன செய்யும்? மெஷின் கள்ளம் பறயுமோ?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். மெஷின் பொய் சொல்லுமா என்றுதான் கேட்கிறார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போனது என்பார்கள். அன்றைக்குக் கேட்பவர் அவர், சொல்பவள் நான்.

கணினியைப் பார்த்தேன். 'சரி', 'சரி', 'சரி' என்று திரை முழுக்க வரிசையாக இருந்தது. இயந்திரத்தில் குறையில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ஜீப்பில் இறங்கிக்கோ" என்று பரமனிடம் சொன்னார். பாதி லோடைக் காப்பாற்றியவருக்குக் கிடைத்த கூலி அது.

வெளியே வந்தேன். ஸ்டோர்க் கதவின் ஆணியில் ஒரு சணல் கயிறு, அதில் ஒரு சாண் நீள விறகுக் குச்சி தொங்கியது. முன்பும் பார்த்திருக்கிறேன், ஏதோ திருஷ்டிக்கு என்று அலட்சியமாக விட்டிருந்தேன். குற்ற உணர்ச்சியில் பேச வேறு ஒன்றும் தோன்றாமல், "இது எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"அதா தாயி? நாங்க வழக்கமா எரிக்கிறது பலா வெறகு. நின்னு எரியும். அது தீந்து போனா ஓக்கு மரம் போடுவோம். அது பொசுக்குன்னு எரிஞ்சிரும், சூடு குதிக்கும். மாத்தி வர்ற ஆளு அது தெரியாம பலா கணக்குல போட்டான்னா காய் போச்சு. அதான், மாத்து வெறகு போட்டா அதுல ஒரு குச்சிய கதவுல கட்டிருவோம். உள்ள வர்றவன் மொதல்ல அதப் பாத்துட்டுத்தேன் அடுப்பத் தொடுவான்."

"வாய்ல சொன்னா ஆகாதா?"

"சொல்ற ஆளு தூங்கிப் போயிட்டான்னா? மறந்துட்டான்னா? மாத்து வெறகு போடுறது தப்பில்ல தாயி. போட்டுட்டுச் சொல்லாம இருக்குறதுதேன் களவாணித்தனம்."

அவர் என்னைச் சொல்லவில்லை. அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழசைப் போட்டுவிட்டு 'சரி' என்று சொல்லும் ஃபங்ஷனை எழுதியவள் நான். ஆபீசுக்குள் ஓடிப்போய், கார்டுக்குள் இறங்கியிருக்கும் புரோகிராமின் முதல் வரியைத் திருப்பிப் படித்தேன். கார்டைப் பொருத்திய அன்றைக்கே படித்திருக்க வேண்டிய வரி. பழைய புரோகிராம். புது உணரியின் அளவை அது குறைத்துக் காட்டியிருக்கிறது. காய் கருகும் சூட்டிலும் விறகு போடு என்று பச்சை விளக்கைக் காட்டியிருக்கிறது.

உடனே மேனேஜரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. போடிக்கு இறங்கி முதலாளியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அடுத்த பிளாப்பியில் சத்தமில்லாமல் திருத்திடலாம். ஒரு விறகு போடுறவனுக்காகக் கம்பெனியைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறியா?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார். நான் வெள்ளிக்கிழமை முழுக்க மறைத்தேன். ஆபீஸ் போனேன், சாப்பிட்டேன், சக ஊழியரின் ஜோக்குக்குச் சிரித்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு வெறுப்புத்தான் வருகிறது. உங்களில் யாரும் உங்களை நல்லவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் ஜீப்பில் ஏறினேன். நான் போய் இறங்கியபோது லயத்து வாசலில் இன்னொரு ஜீப் நின்றது. பித்தளை அண்டா, பாய்ச் சுருட்டு, ஒரு தகரப் பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. பரமனின் மனைவி கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நேராக ஆபீசுக்குப் போய், "நான் எழுதிக் கொடுத்த தாள் தப்பு. மெஷின் பொய் சொன்னது. பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்" என்றேன்.

மேனேஜர் நம்பவில்லை. ஒரு விறகுக்காரனுக்காகப் பெண் பிள்ளை இரக்கப்படுகிறது என்று நினைத்தார். "தெளிவு வேணும், ஆதாரம் வேணும். அடுப்பைப் பற்ற வைக்கட்டும், அளந்து காட்டுங்க" என்றார். அளக்க என்னிடம் என்ன இருக்கிறது? இருந்த ஒரு தெர்மாமீட்டரையும் நானே மூலையில் எறிந்துவிட்டேன்.

ஆபீஸ் வாசலுக்கு வந்திருந்த பரமன் லயத்துக்குத் திரும்பிப் போய் ஜீப்பில் ஏறினார். தகரப் பெட்டியைத் திறந்தார். வேட்டித் துணிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"நீ எறிஞ்சுட்டுப் போன சாமான் தாயி. கண்ணாடிச் சாமானாச்சேன்னு எடுத்து வச்சேன்."

அடுப்பைப் பற்ற வைத்தோம். வெறும் தட்டுகள்தான், காய் இல்லை. நடுப்பகலுக்குள் திரை நாற்பத்தேழு டிகிரி காட்டியது. தெர்மாமீட்டர் அறுபத்து மூன்று காட்டியது. பச்சை விளக்கு, இன்னும் விறகு போடு என்று எரிந்துகொண்டிருந்தது. மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய், ஜீப் ஓட்டுபவரிடம், "சாமானை இறக்கு" என்றார். பரமனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வழக்கம் அங்கே இல்லை.

திங்கட்கிழமை என் வேலை போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேறு வேலை கிடைத்தது. அங்கே போய் முதலில் செய்தது, ஏற்றும் ஃபங்ஷனை ஒன்றே ஒன்றாக எழுதியது. அழைப்பவர் பேரை மட்டும் வீசிவிட்டுப் போக முடியாது. ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். என்ன வேண்டும், காத்திருக்கலாமா, மாற்று கொடுத்தால் ஏற்பாயா. நிரப்பாமல் விட்டால் மாற்று கிடையாது. அறைக் காற்றாடிக்குப் பழசு போதும், அடுப்புக்குப் போதாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் கேட்கிறவர், கொடுக்கிற நானில்லை. பதிலும் ஒரு படிவம்தான்: கேட்டது எது, கொடுத்தது எது, எங்கிருந்து எடுத்தேன். நாளைக்குப் புதிதாக ஒரு தேவை வந்தால் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். பழைய டிரைவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடாமல் முன்போலவே ஓடும். இதற்கு ஒரு ஃபங்ஷன் போதும். பதினொன்று எதற்கு? நீங்கள் புத்திசாலிகளாயிற்றே, எனக்கு விளக்குங்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது, புதுப் புரோகிராம் வரும் வரை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். அதற்குப் பழைய புரோகிராம் சரியாகப் பொருந்தும். தெர்மாமீட்டரைச் சுவரில் பழைய ஆணியிலேயே மாட்டினேன். பூஞ்சை பிடித்த பிளாப்பியை மேஜையில் வைத்துவிட்டு, "இது இனி ஒதவாதுண்ணே, எறிஞ்சிருங்க" என்று பரமனிடம் சொன்னேன்.

ஜீப் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். மேனேஜர் ஸ்டோருக்குள் போகக் காலெடுத்து வைத்தவர் கதவருகே நின்றுவிட்டார். பரமன் சணல் கயிற்றில், விறகுக் குச்சிக்குப் பக்கத்தில், என் பிளாப்பியைக் கட்டிக்கொண்டிருந்தார்.